அண்ணாமலையில் மூன்று நாட்கள்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கார்த்திகைத் தீபத்துக்குப் போகிறவர்கள் முதல் வகை. பௌர்ணமிதோறும் மலையை வலம் வருகிறவர்கள் இரண்டாம் வகை. இவ்விரு வகையாரும் லட்சக்கணக்கானவர்கள். இவர்களுக்காக விசேஷ ரயில்களும் பஸ்களும் விடப்படுகின்றன. மூன்றாம் வகையார் சொற்பம். இவர்கள் போய் ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள். "அங்கே என்ன செய்துவிட்டு வந்தீர்கள்?" என்று வீட்டில் கேட்டால் இவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. "சும்மா இருந்துவிட்டு வந்தோம்" என்றால் யார்தான் நம்புவார்கள்?

சென்ற அரையாண்டு விடுமுறையில் நாம் இந்த மூன்றாம் வகையில் சேர்ந்தோம். உடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் நம் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர். அளந்து பார்க்க முடியாத எதையும் அவர் நம்பமாட்டார். ஆனால் அளந்து பார்ப்பதற்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடந்து வருவார். மற்றவன் நம் மைத்துனரின் மகன். பத்தொன்பது வயது; காலேஜில் படிக்கிறான். அவன் விஷயத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஓராண்டாக அவன் தியானம் பழகி வந்தான். விடியற்காலையில் எழுந்து உட்காரும் பிள்ளையைப் பார்த்து வீட்டில் எல்லாரும் முதலில் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஒரு நாள் அவனுக்கு ஏதோ அநுபவம் உண்டாயிற்று. உடம்பு இருப்பதே மறந்துபோய், அறையெங்கும் வெளிச்சம் நிறைந்தாற்போல் இருந்ததாம். அது கால் மணி நேரமா, அரை மணி நேரமா என்று அவனுக்கே தெரியவில்லை. அன்று முதல் அந்த வெளிச்சத்தைத் தேடுவதே அவன் வேலையாகிவிட்டது. சாப்பாடு குறைந்தது, தூக்கம் குறைந்தது, பாடப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. கடைசியில், காலேஜை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக் குகை ஒன்றில் இருக்கப் போவதாகச் சொன்னான். "பதினாறு வயதில் ரமண மகரிஷி போகவில்லையா?" என்று அவன் கேட்டபோது தகப்பனாரால் பதில் சொல்ல முடியவில்லை. தாயார் அழுதாள். "நீங்கள் உபாத்தியாயர், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று பொறுப்பு நம் தலையில் விழுந்தது. உபாத்தியாயர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை உபாத்தியாயர்களைத் தவிர மற்ற எல்லாரிடமும் இருக்கிறது! ஆகவே, வாயால் சொல்வதை விட்டு, அவனை அந்த ஊருக்கே அழைத்துக்கொண்டு போவதென்று தீர்மானித்தோம்.

மலை தெரிந்தது

விழுப்புரத்தில் காட்பாடி ரயிலில் ஏறினோம். திருக்கோவலூர் ஸ்டேஷனுக்கு அருகே பெண்ணையாற்றங்கரையில், பாறைமேல் அறையணிநல்லூர்க் கோயில் தெரிகிறது. திருஞானசம்பந்தர் அங்கே நின்றுதான் அண்ணாமலையைத் தொழுதார் என்பது ஐதிகம். 1896-ம் வருஷம் ஆகஸ்டு 30-ம் தேதி மாலையில், கால் ஓய நடந்து வந்த மதுரைச் சிறுவன் வேங்கடராமனும் இந்தக் கோயிலில்தான் வந்து உட்கார்ந்தான். மறுநாள் கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ம் தேதி காலையில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான்.

இன்னும் சிறிது தூரம் போனதும் மலை தெரிந்தது. கடல் மட்டத்துக்குச் சுமார் 2,670 அடி உயரம். இமயத்தையும் நீலகிரியையும் பார்த்தவர்களுக்கு இது ஒரு குன்றாகத்தான் தோன்றும். ஆனாலும் சமவெளியில் துணையின்றித் தனியே நிற்பதால், பார்த்த கண்ணை வேறு பக்கம் திருப்ப முடிவதில்லை. ரயில் வளைய வளைய மலையும் உருவம் மாறிக்கொண்டே வந்தது. பையன் ஜன்னலை விட்டு நகரவில்லை. விஞ்ஞான ஆசிரியரும் அதிசயமாகப் பேச்சை நிறுத்தியிருந்தார்.

ஆயிரங்கால் மண்டபத்தின் அடியில்

முதல் நாள் கோயில். 217 அடி உயரமும் பதினொரு நிலையும் கொண்ட ராஜகோபுரத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆதலால் அதைத் தாண்டி உள்ளே சென்று, ஆயிரங்கால் மண்டபத்தில் படியிறங்கிப் போக வேண்டிய பாதாள லிங்கத்தின் முன் வாசகர்களை நிறுத்துகிறோம்.

வந்து சேர்ந்த புதிதில் வேங்கடராமன் ஆயிரங்கால் மண்டபத்தில்தான் உட்கார்ந்தான். ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். தொல்லையிலிருந்து தப்ப இந்த இருட்டறைக்குள் இறங்கினான். எறும்பும் பூச்சியும் துடைகளைக் கடித்துப் புண்ணாக்கியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. சேஷாத்திரி சுவாமிகள் பார்த்துக் காவலாக நின்றார். பிறகு சிலர் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாழடைந்து கிடந்த அந்த இடம் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. 1949-ல் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அதைத் திறந்து வைத்தார்.

"பார்த்தீர்களா, மாமா! உடம்பே தெரியவில்லை. எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது" என்றான் பையன்.

அவனுக்கு உடனே பதில் சொல்லாமல், மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, அதற்கு முன்னால் மதுரையில் நடந்ததைச் சொன்னோம்.

1896-ம் வருஷம் ஜூலை மாதம். மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியறையில் வேங்கடராமன் தனியே இருந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. திடீரென்று மரண பயம் பிடித்துக்கொண்டது. வைத்தியரைக் கூப்பிடவில்லை, பெரியவர்களையும் கூப்பிடவில்லை. கை கால்களைப் பிணம்போல் விறைப்பாக நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, 'இந்த உடம்பு செத்தது. இதைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அதனால் நானும் செத்துவிடுகிறேனா?' என்று தனக்குள்ளே பார்த்தான். உடம்பு ஜடமாய்க் கிடக்கையில் 'நான்' என்னும் உணர்வு மட்டும் அதைச் சாராமல் விளங்குவதைக் கண்டான். மரண பயம் அன்றோடு ஒழிந்தது. சில நிமிஷங்களில் முடிந்த காரியம்!

பிறகு ஆறு வாரம் பள்ளிக்கூடம் போனான். ஒரு நாள் பெயின் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதும் தண்டனை கிடைத்தது. இரண்டு தடவை எழுதியவன் மூன்றாம் தடவை எழுதப் பிடிக்காமல் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணை மூடினான். தண்டனைப் பாடத்தை எழுதச் சொல்லும் நம் போன்றவர்கள் இதைச் சிறிது யோசிக்க வேண்டும். இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் மற்றவையும் எதற்கு என்று தமையனார் கடிந்துகொண்டார். அந்தச் சொல் தைத்தது. தமையனாரின் காலேஜ்ச் சம்பளத்துக்கென்று கொடுத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டான்.

அந்தக் கடிதம் சிறியது. ஆனால் வெகு ஆச்சரியமானது. 'நான்' என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' போய் 'இது' என்று எழுதியிருக்கிறது. முடிவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருக்கிறது. கையெழுத்துப் போட ஆள் இல்லை!

பையன் இதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை.

பழைய ஹாலில்

இரண்டாம் நாளை ரமணாசிரமத்தில் கழித்தோம். ஊரிலிருந்து செங்கம் ரோட்டில் போனால் நுழைவாயிலுக்குள் பழமையான இலுப்பை மரம் ஒன்று வரவேற்கிறது. மயில்கள் கூரைமேல் நடக்கின்றன. குரங்குகள், உங்கள் கையில் இருப்பது வாழைப்பழமா மூக்குக் கண்ணாடியா என்று ஆராய்ச்சி செய்கின்றன. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் 1931-ல் இங்கே வந்து, 1934-ல் ஒரு புத்தகம் எழுதினார். அது முதல் மேனாட்டார் வரவு நிற்கவேயில்லை. 1938-ல் ஸாமர்ஸெட் மாம் என்ற பிரபல நாவலாசிரியரும் வந்தார். இன்று ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் உலகத்தின் பல பாஷைகளும் காதில் விழுகின்றன.

பழைய ஹால் ஒன்றும் பெரிய கட்டடமல்ல. மகரிஷி வருஷக்கணக்கில் சாய்ந்திருந்த சோபாவில் இப்போது அவருடைய படம் இருக்கிறது. எதிரே தரையில் எல்லாரும் உட்காருகிறார்கள். அங்கே உபதேசமோ, சங்கீதமோ, கால அட்டவணைப்படி நடத்தும் பயிற்சியோ இல்லை.

உட்கார்ந்த முதல் கால் மணியில் நாம் கண்ட அநுபவத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். முழங்கால் வலித்தது. திருத்தாமல் விட்டு வந்த எண்பது பரீட்சைத் தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பால்காரர் கணக்கு வந்தது. 'சீ, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்!' என்ற எண்ணமும் வந்தது. அதுவும் ஓர் எண்ணந்தான் என்பது சற்று நேரம் கழித்தே புரிந்தது.

இங்கே சொல்லப்படும் முறை எளிது. 1902-ஐ ஒட்டி, சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு, மௌனமாக இருந்த மகரிஷி எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. எண்ணம் எழும்போது அதைத் துரத்த வேண்டியதில்லை. அதன் பின்னாலும் ஓட வேண்டியதில்லை. இது யாருக்குத் தோன்றியது என்று பார்க்க வேண்டும். 'எனக்கு' என்று விடை வரும். அந்த 'நான்' யார் என்று பார்த்தால், மனம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். திரும்பத் திரும்பப் பழகினால் அங்கேயே தங்கும் பலம் அதற்கு உண்டாகும்.

பரீட்சைத் தாள்கள் யாருக்கு வந்தன என்று பார்த்தோம். தாள்கள் நின்றன, ஒரு கணந்தான், மறுபடி வந்தன. இப்படிப் பல தடவை. பிறகு எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும் நடுவே சிறிது இடம் விழுந்தது. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, விடுகிறோமா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஆயிற்று. வெளியே மயில் அகவியது கேட்டது. ஆனால் 'மயில்' என்ற சொல் மனத்தில் எழவில்லை. அது தூக்கமல்ல என்பது நிச்சயம். அதற்கு மேல் விவரித்தால் கதை கட்டுவதாகிவிடும். கண்ணைத் திறந்தபோது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. வெளிச்சம் எதையும் நாம் காணவில்லை. எழுந்தபோது யார்மீதும் கோபமில்லாமல் இருந்தது. அவ்வளவுதான்.

கருவியின் சாட்சி

அன்று மாலைப் பாராயணம் முடிந்ததும் இலுப்பை மரத்தடியில் விஞ்ஞான ஆசிரியர் பேசத் தொடங்கினார்.

மனித மூளையில் எழும் நுண்ணிய மின்னலைகளைப் பதிவு செய்யும் முறையை ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1929-ல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது விநாடிக்குச் சுமார் எட்டு முதல் பதின்மூன்று தடவை ஏறியிறங்கும் அலை ஒன்று எழுகிறது. அதற்கு ஆல்பா என்று பெயர். பெரிய சப்தம் கேட்டாலோ, வெளிச்சம் பட்டாலோ அது கலைந்துவிடும். 1961-ல் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகிய மூவர், சமாதியில் அமர்ந்த யோகிகள் சிலரைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒளி, ஒலி, தொடுதல் ஒன்றாலும் சமாதியிலிருந்தவர்களின் ஆல்பா கலையவில்லை. அதே யோகிகள் சாதாரணமாக இருக்கையில் அது கலைந்தது.

"ஆகையால், நம் பெரியவர்கள் சொன்னது வெறும் கற்பனையல்ல. தூக்கம் வேறு, தியானம் வேறு என்று கருவியே சாட்சி சொல்கிறது" என்று முடித்தார்.

பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்ய உபநிஷத்து இந்த நிலைகளை நான்காக வகுக்கிறது: விழிப்பு, கனவு, கனவற்ற உறக்கம், இம்மூன்றுக்கும் ஆதாரமாக உள்ள நான்காவது. இந்த நான்காவதை நமது ஞானிகள் துரியம் என்றார்கள். இது மற்ற மூன்றையும்போல் வந்து போவதல்ல; மூன்றும் வந்து போவதற்கு இடமாக இருப்பது. அலை கலைந்ததா, கலையவில்லையா என்று கருவி சொல்லும். சமாதியிலிருந்து எழுந்த பிறகு அந்த மனிதர் வீட்டில் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் கருவி சொல்லாது. நமக்கு அன்று வேண்டியிருந்த விஷயம் அதுதான்.

குகையில் ஒன்றுமில்லை

மூன்றாம் நாள் காலையில் கோயிலின் பின்புறமாக மலையேறினோம். முதலில் விரூபாட்ச குகை. அதில் அடங்கியுள்ள விரூபாட்ச தேவரின் பெயரே குகைக்கும் பெயர். 1899 முதல் 1916 வரை மகரிஷி பெரும்பாலும் இங்கே வசித்தார். பையன் உள்ளே போய் உட்கார்ந்தான். அவன் ஓராண்டாகக் கனவு கண்ட இடம்! நாமும் ஆசிரியரும் வெளியே காத்திருந்தோம். குகைக்குள் காற்று அதிகமில்லை. ஒரு மணி நேரத்துக்குப் பின் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தான்.

"ஒன்றுமே வரவில்லை, மாமா!" என்றான். முகம் வாடியிருந்தது.

அங்கிருந்து சற்று மேலே கந்தாசிரமம். கந்தசாமி என்ற அன்பர் பாறையைத் திருத்திக் கட்டியது. சுனையும் தென்னையும் நிழலும் உள்ள இடம். கீழே கோயில் கோபுரங்கள் அனைத்தும் பொம்மைக் கொலுப்போல் தெரிகின்றன. முன் தினம் ஹாலில் நமக்கு அருகில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் அங்கே திண்ணையில் இருந்தார். ஆசிரமத்தில் நெடுநாளாகத் தங்கியிருப்பவர். பையனின் முகத்தைப் பார்த்து அவரே விசாரித்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"தம்பி, கங்கைக்கரை யோகி கதை கேட்டிருக்கிறாயா? பகவான் சொல்வதுண்டு" என்று ஆரம்பித்தார். ஒரு யோகி கங்கைக்கரையில் நீண்ட சமாதி கூடியிருந்தார். ஒரு தடவை கண் விழித்ததும் தாகமெடுத்தது. சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சீடன் வருவதற்குள் மறுபடியும் சமாதியில் ஆழ்ந்துவிட்டார். பல நூற்றாண்டுகள் கழிந்தன. கண்ணைத் திறந்தார். முதலில் வந்த வார்த்தை, "தண்ணீர் எங்கே?" என்பதே!

"அவ்வளவு காலமும் மனம் ஒடுங்கித்தான் இருந்தது, அழியவில்லை. விட்ட இடத்தில் தாகத்தைத் தொடங்கிற்று. இதற்கு மனோலயம் என்று பெயர். கயிறு கட்டிய வாளி கிணற்றுத் தண்ணீருக்குள் முழுகியிருந்தாலும் இழுத்தால் மேலே வந்துவிடும் அல்லவா? ஆறு கடலில் கலந்துவிட்டால் இழுக்க முடியாது. முன்னது கேவல நிர்விகல்பம், பின்னது சகஜம். உனக்கு அன்று வெளிச்சம் வந்தது, பிறகு போயிற்று. வந்துபோகிற வெளிச்சத்துக்காகவா படிப்பை விடுகிறாய்?"

"பகவானே படிப்பை விட்டுவிட்டுத்தானே வந்தார்?" என்று பையன் கேட்டான். தகப்பனாரை வாயடைத்த அதே கேள்வி.

"அவர் எதையாவது அடைவதற்கா வந்தார்? மதுரையிலேயே எல்லாம் முடிந்துவிட்டதே! நீ அடைவதற்காகப் போகிறேன் என்கிறாய். அதுவும் காலேஜைப் போல ஒரு படிப்புத்தானே? வீட்டை விடட்டுமா என்று எத்தனையோ பேர் அவரைக் கேட்டார்கள். விட்டுவிடு என்று அவர் அநேகமாக யாருக்கும் சொன்னதில்லை. காட்டுக்குப் போனாலும் மனமும் கூடவே வரும் என்பார். சரி, அவர் தாயாரை என்ன செய்தார் தெரியுமா?"

தாயாரின் கதை

1898-ம் வருஷம் டிசம்பரில் அழகம்மாள் பவளக்குன்றுக்கு வந்து, வீட்டுக்குத் திரும்பும்படி பிள்ளையிடம் அழுதாள். அவர் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தாயார் வெறுங்கையோடு திரும்பினாள். கதை இத்துடன் முடிந்திருந்தால் நம் பையனின் கட்சிக்கே ஜயம்.

ஆனால் 1916-ல் அவள் பிள்ளையிடமே வந்து சேர்ந்தாள். இதே கந்தாசிரமத்தில் அவள் சமைத்தாள். மகனும் அன்பர்களும் சாப்பிட்டார்கள். 1922-ம் வருஷம் மே 19-ம் தேதி அவள் உயிர் பிரியும் தறுவாயில், மகரிஷி ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் இரவு வரையில் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். மகன் நாள்தோறும் மலையிலிருந்து இறங்கி அந்தச் சமாதிக்கு வந்துபோனார். சில மாதங்களில் ஒரு நாள் வந்தவர் திரும்பிப் போகவில்லை. அங்கே எழுந்த கீற்றுக் கொட்டகைதான் இன்றைய ரமணாசிரமம்.

துறவியின் ஆசிரமம் என்று உலகம் வந்து தொழும் இடம் ஒரு தாயாரின் சமாதியைச் சுற்றி வளர்ந்தது! அவள்மீது எழுப்பிய மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு, மகரிஷி உடலை நீத்தார்.

குகையில் உடம்பு மறந்து கிடந்தவர், பின்னாளில் விடியுமுன் அடுக்களையில் காய்கறி நறுக்கினார், இலை தைத்தார், அச்சுப்பிழை திருத்தினார். பந்தியில் எல்லாருக்கும் பரிமாறாத பதார்த்தத்தைத் தாம் தொடமாட்டார். இரண்டில் எது ஆழமான நிலை? சமாதியும் சமையலும் அவருக்கு இரண்டாக இல்லை என்பதே சகஜம் என்ற சொல்லின் பொருள் என்று நமக்குப் படுகிறது.

1938 ஆகஸ்டில் ராஜேந்திர பிரசாதும் ஜம்னாலால் பஜாஜும் இங்கே வந்து சில நாள் தங்கினார்கள். சுயராஜ்யத்தை விரும்புவது சரியா என்று பஜாஜ் கேட்டார். அத்தகைய விருப்பம் சுயநலத்தில் தொடங்கினாலும், அதற்காக உழைக்க உழைக்கப் பார்வை விரிந்து மனிதன் தேசத்தில் கரைந்துவிடுகிறான்; அந்தக் கரைதல் நல்லதே என்னும் கருத்துப்பட மகரிஷி விடை சொன்னார். 'நான்' கரைவதற்குக் குகைதான் வேண்டும் என்பதில்லை; வகுப்பறையும் வயலும் அடுக்களையும் போதும்.

கந்தாசிரமத்திலிருந்து ஆசிரமத்துக்கு இறங்கும் பாதையில் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். தகப்பனாருக்கு அனுப்புவதற்காக எழுதி வைத்திருந்த கடிதமாம். நின்று ஒரு தடவை படித்தான்.

"மாமா, இதில் பதினேழு 'நான்' இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை என்பதும், பகலில் ஆசிரமப் பந்தியில் அவன் இரண்டாம் தடவை சாம்பார் சாதம் கேட்டு வாங்கிக்கொண்டான் என்பதும் நாம் கண்ணால் பார்த்த விஷயங்கள். தியானத்தை அவன் விட்டுவிடவில்லை. விடும்படி யாரும் சொல்லவுமில்லை. காலையில் அரை மணி நேரம் உட்காருகிறான். பிறகு காலேஜுக்குப் போகிறான்.

போகிறவர்களுக்கு

திருவண்ணாமலைக்குப் போக விரும்பும் குடும்பத்தார் தீபத்தையும் பௌர்ணமியையும் தவிர்த்து வேறு நாளில் போனால், மலையையும் மௌனத்தையும் நிதானமாக அநுபவிக்கலாம். ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வெயிலேறுமுன் மலையேறுவது உத்தமம். பதினாலு கிலோமீட்டர் கிரிப் பிரதக்ஷிணத்தையும் அதிகாலையில் தொடங்கினால் சிரமமிராது.

வீட்டிலேயே தியானம் பழகுவோருக்கும் ஒரு வார்த்தை. ஊணையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டு அநுபவத்தைத் துரத்த வேண்டாம். சிலருக்கு நீண்ட தியானத்தால் பயமும் தூக்கமின்மையும் உண்டாகலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படி நேர்ந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுவதில் வெட்கமில்லை. இத்தனை நாளில் இன்ன நிலை என்று விலைபேசி விற்பவர்களிடம் போக வேண்டாம். பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்தால் பெற்றோர் பயப்படவும் வேண்டாம், பெருமையடிக்கவும் வேண்டாம். கண்ணைத் திறந்த பிறகு அவர்கள் தாயாரோடும் தம்பி தங்கைகளோடும் எப்படிப் பேசுகிறார்கள் என்று மாத்திரம் கவனித்தால் போதும். தியானம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அந்தப் பேச்சே சொல்லிவிடும்.